முதல் டிஎஸ்எல்ஆரும் நம்ம ஊர் வெயிலும்

புதிதாக டிஎஸ்எல்ஆர் வாங்கியவர்கள் முதலில் கேட்பது, "எந்த சேனல் பார்த்துக் கத்துக்கலாம்?" என்பதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவும் கையுமாகப் புதுச்சேரித் தெருக்களில் திரிகிறவன் என்று தெரிந்துவிட்டதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. இலவசப் பாடங்களுக்கு இன்று பஞ்சமே இல்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வேறொரு வானத்தின் கீழ் உருவானவை. கேமரா எப்படி வேலை செய்கிறது என்பதை அவற்றிடம் தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம். வெளிச்சத்தை மட்டும் இங்கேதான், நம் தெருவில்தான் படிக்க வேண்டும். இதை யாரும் ஆரம்பத்திலேயே சொல்வதில்லை என்பதால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு நல்ல செய்தி. கேனானும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் மாடல் எதையும் வெளியிடவில்லை. இரண்டுமே உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் பக்கம் போய்விட்டன. அதனால் பழைய கேமராக்கள் நல்ல நிலையில், கைக்கு அடக்கமான விலையில் கைமாறுகின்றன. பாடங்கள் விஷயத்திலும் இது லாபம்தான். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் எழுதிய டிஎஸ்எல்ஆர் பாடம் ஒரு வரிகூட மாறாமல் இன்றும் பொருந்தும். தேதியைப் பார்த்து ஒதுக்கிவிட வேண்டாம். கண்ணாடி தூக்குவதும், ஷட்டர் திறப்பதும், சென்சாரில் ஒளி விழுவதும் அன்று போலவேதான் இன்றும்.

என் அக்கா பெண் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறாள், கல்லூரியில் படிக்கிறாள். செகண்ட் ஹேண்டில் ஒரு நிக்கான் டி3400, அதோடு சேர்ந்து வரும் 18-55 கிட் லென்ஸ் வாங்கினாள். வாங்கிய வாரமே தேவனாம்பட்டினம் கடற்கரையில் சூரிய உதயத்தை எடுத்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். "மாமா, போன்லயே இதைவிட நல்லா வருதே. இதுல வானம் நல்லா வந்தா படகு கருப்பா வருது. படகு நல்லா வந்தா வானம் வெள்ளையா போயிடுது. கேமராவுல ஏதாவது கோளாறா?"

கோளாறு எதுவும் இல்லை. முதல் டிஎஸ்எல்ஆர் வாங்கிய அத்தனை பேரும் முட்டிக்கொள்கிற இடம் இது. போன் ஒரு படத்தை எடுப்பதாக நமக்குத் தோன்றுகிறதே தவிர, அது பல படங்களைச் சடசடவென்று எடுத்து, நிழலையும் வானத்தையும் தனித்தனியாகச் சரிசெய்து, ஒன்றாகத் தைத்துத் தருகிறது. டிஎஸ்எல்ஆர் அப்படிச் செய்வதில்லை. நீங்கள் சொன்ன அளவு ஒளியை ஒரே முறை வாங்கி, அப்படியே கொடுத்துவிடும். வானமா படகா என்று முடிவு செய்ய வேண்டியது நீங்கள். அந்த முடிவை எடுக்கக் கற்றுக்கொள்வதற்குத்தான் இந்தக் கேமரா.

இந்த வித்தியாசத்தை அடியிலிருந்து விளங்கிக்கொள்ள நான் முதலில் கைகாட்டுவது மார்க் லிவாய் நடத்திய வகுப்புகளை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவர். கூகுள் பிக்சல் போன்களில் இருட்டிலும் படம் பளிச்சென்று வருகிறதே, அந்தத் தொழில்நுட்பக் குழுவுக்குத் தலைமை வகித்தவரும் அவர்தான். 2016-இல் கூகுளில் அவர் நடத்திய புகைப்பட வகுப்பின் 18 பாடங்களும் யூடியூபில் இலவசமாக இருக்கின்றன. போன் கேமராவின் தந்திரத்தை உருவாக்கியவரே சாதாரணக் கேமராவின் அடிப்படையைச் சொல்லித் தருகிறார் என்றால் அதைவிட வேறென்ன வேண்டும்? ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, கணக்கும் கொஞ்சம் வரும். கணக்கு வரும் இடங்களைத் தாண்டிப் போனாலும் விஷயம் பிடிபடும். எழுத்தில் படிப்பதுதான் வசதி என்றால் 'கேம்பிரிட்ஜ் இன் கலர்' என்ற இணையதளம் போதும். அப்பர்ச்சர் (லென்ஸ் திறக்கும் அளவு), ஷட்டர் ஸ்பீடு (ஒளி உள்ளே விழும் நேரம்), ஐஎஸ்ஓ (விழுந்த ஒளியை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது) மூன்றும் ஒன்றையொன்று எப்படி இழுத்துப் பிடிக்கின்றன என்பதை அங்கே படங்களோடு நிதானமாக விளக்கியிருக்கிறார்கள். தமிழிலேயே வேண்டும் என்பவர்களுக்கு 'தமிழில் புகைப்படக்கலை' என்ற கூட்டு வலைப்பதிவு. ஆர்வலர்கள் பலர் சேர்ந்து பாடங்கள் எழுதி, மாதப் போட்டி வைத்து, வந்த படங்களைப் பற்றிப் பேசிய இடம் அது. நம் மொழியில், நம் ஊர்ப் படங்களை வைத்துப் பேசியிருப்பதால் எனக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

இந்த மூன்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். முடித்த பிறகு அடுத்ததற்குப் போகலாம். ஒரே இரவில் இருபது வீடியோ பார்த்தால் இருபது பேரின் பழக்கவழக்கங்கள்தான் மண்டையில் ஏறும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. யாரும் அதைத் தொடுவதில்லை. கேமராவோடு வந்த கையேடு. செகண்ட் ஹேண்டில் வாங்கியதால் கையேடு இல்லை என்றால் தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில் பிடிஎஃப் இலவசமாகக் கிடைக்கும். கதைப் புத்தகம் போல முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தேவையில்லை. எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (கேமரா போட்ட ஒளிக் கணக்கைக் கூட்டுவது, குறைப்பது), ஃபோகஸ் பாயிண்ட் தேர்வு, மீட்டரிங் (கேமரா ஒளியை அளக்கும் விதம்), ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்ப வண்ணத்தைச் சரிசெய்வது), படத்தின் விவரம் பார்ப்பது என்று ஐந்து இடங்களை மட்டும் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டே படித்தால் போதும். டி3400 மாதிரியான நிக்கான் கேமராக்களில் மோடு டயலிலேயே 'கைடு' என்று ஒரு நிலை இருக்கிறது. "பின்னணியை மங்கலாக்க வேண்டுமா? ஓடுவதை உறைய வைக்க வேண்டுமா?" என்கிற தினுசில் கேட்டு, எதை மாற்ற வேண்டும் என்று அதுவே காட்டும். இரண்டு வாரம் அதில் பழகிவிட்டு 'ஏ' மோடுக்கு வரலாம். கேனானில் அதே மோடுக்கு 'ஏவி' என்று பெயர். அப்பர்ச்சரை நாம் வைப்போம், ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும். எடுத்த எடுப்பிலேயே முழு மேனுவல் மோடில் எடுத்தால்தான் கலைஞன் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அதை நான் ஏற்பதில்லை. கல்யாணம் எடுக்கிற எத்தனையோ பேர் நாள் முழுக்க இந்த 'ஏ' மோடிலேயே வேலை பார்க்கிறார்கள்.

சரி, வெயிலுக்கு வருவோம்.

'கோல்டன் ஹவர்' என்று எல்லாப் பாடத்திலும் வரும். சூரியன் தாழ்வாக இருக்கும்போது வெளிச்சம் மென்மையாக, பொன்னிறமாக இருக்கும், அந்த ஒரு மணி நேரத்தில் எடுங்கள் என்பார்கள். லண்டனில் டிசம்பர் மாத நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரி உயரத்துக்குத்தான் வரும். அங்கே குளிர்காலம் முழுக்கவே தாழ்ந்த வெளிச்சம்தான். புதுச்சேரி இருப்பது ஏறத்தாழ 12 டிகிரி வடக்கில். இங்கே சூரியன் சாய்ந்து சாய்ந்து ஏறுவதில்லை, கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக ஏறிவிடும். அதே டிசம்பர் நாளில் காலை எட்டு மணிக்குள் லண்டனின் நண்பகல் உயரத்தை நம் சூரியன் தாண்டிவிடும். உதயம் ஆனதும் கிடைக்கிற அந்தப் பொன்வெளிச்சம் அரை மணி நேரம் நீடித்தாலே அதிகம். 'ஒரு மணி நேரம் இருக்கிறதே' என்று டீ குடித்துவிட்டுக் கடற்கரைக்குப் போனால் வெறும் வெயில்தான் மிஞ்சும். விடிவதற்கு அரை மணி முன்பே கடற்கரைச் சாலையில் நிற்க வேண்டும். இரவில் வண்டிகளுக்கு மூடிய சாலையைக் காலையில்தான் திறப்பார்கள் என்பதால் நடு ரோட்டில் நிதானமாக நின்று எடுக்கலாம்.

ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 20-ஐ ஒட்டியும் இங்கே நிழலில்லா நாள் வரும். நண்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். கம்பத்துக்குக்கூட நிழல் இருக்காது. அந்த மாதங்களில் பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை வெட்டவெளியில் ஒரு முகத்தை எடுத்துப் பாருங்கள். கண் இரண்டும் குழியாகி, மூக்கின் நிழல் உதட்டின் மேல் விழுந்து கிடக்கும். குடை வாங்கு, ஃப்ளாஷ் வாங்கு, ரிஃப்ளெக்டர் வாங்கு என்று பாடங்கள் சொல்லும். நம் ஊரில் அதற்குத் திண்ணை இருக்கிறது.

தமிழர் பகுதியில், வைசியாள் வீதி மாதிரியான இடங்களில், தாழ்வாரம் இறக்கிய பழைய வீடுகள் இன்னும் நிற்கின்றன. மேலே ஓட்டுக்கூரை உச்சி வெயிலைத் தடுத்துவிடும். எதிர்ச் சுவரிலும் தெருவிலும் பட்ட வெயில் திரும்பி வந்து, திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் முன்பக்கமிருந்து மெத்தென்று விழும். முதுகுக்குப் பின்னால் ரேழி இருட்டு. ஸ்டூடியோவில் பணம் கொட்டி உருவாக்குகிற வெளிச்சம் இது, நண்பகல் பன்னிரண்டு மணிக்கு இலவசமாகக் கிடைக்கிறது. ஆளைத் திண்ணையின் விளிம்புக்கு, தூண் பக்கமாக வரச் சொல்லுங்கள். உள்ளே தள்ளி உட்கார்ந்தால் கண்ணில் ஒளிப்புள்ளி இருக்காது. கிட் லென்ஸை 55 எம்எம்முக்குத் திருப்பி, அப்பர்ச்சர் எஃப் 5.6, ஐஎஸ்ஓ 200 வைத்தால் ஷட்டர் 250-இல் ஒரு பங்கு வினாடி பக்கத்தில் வந்து நிற்கும். கை நடுங்கினாலும் படம் கலங்காத வேகம் அது. திண்ணை வீட்டில் எடுப்பதற்கு முன் வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். படம் எடுப்பவர்கள் கூட்டம் அவர்களுக்கு ஏற்கெனவே போதும் போதும் என்றாகிவிட்டது.

வெள்ளையர் நகரப் பக்கம் வேறொரு பாடம் இருக்கிறது. கடலுக்கு இணையாக ஓடும் துய்மா வீதி, ரோமன் ரோலண்டு வீதி போன்றவற்றில் காலையில் ஒரு பக்கம் வெயில் என்றால் மறு பக்கம் நல்ல நிழல். நிழல் பக்கம் ஆளை நிறுத்தி எடுப்பது சரிதான். ஆனால் எதிர்ச் சுவர் மஞ்சள். வெயில் பட்ட மஞ்சள் சுவரிலிருந்து வருகிற வெளிச்சமும் மஞ்சளாகத்தான் இருக்கும். முகம் காமாலை வந்தது போல ஆகிவிடும், வெள்ளைச் சட்டை சந்தன நிறமாகிவிடும். அப்போது ஆட்டோ ஒயிட் பேலன்ஸை நம்பாமல், ஒரு வெள்ளைத் தாளை அந்த வெளிச்சத்தில் காட்டி, கையேட்டில் சொன்னபடி ஒயிட் பேலன்ஸை நாமே அளந்து வைத்துக்கொள்ளலாம். அல்லது சென்சாரில் விழுந்ததை அப்படியே சேமிக்கும் 'ரா' வடிவத்தில் எடுத்தால் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

வெயிலைவிட முக்கியமான இன்னொன்று நம் நிறம்.

கேமராவின் மீட்டர், தன் முன்னால் இருப்பது எதுவானாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். நவீன மீட்டர்கள் இன்னும் கொஞ்சம் சாமர்த்தியமாகக் கணக்குப் போட்டாலும் அடிப்படை இதுதான். வெள்ளை வேட்டியைக் காட்டினால் மங்கலாக்கும். கருத்த முகத்தைச் சட்டம் நிறையக் காட்டினால் வெளுக்க வைக்கும். வெளிநாட்டுப் பாடங்களில் "முகத்தை அளந்து ஒரு ஸ்டாப் கூட்டு", அதாவது ஒளியை இரண்டு மடங்காக்கு, என்று வரும். அது வெள்ளைத் தோலுக்கான கணக்கு. அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் நம் ஆட்கள் முகத்தில் இருக்கிற செம்மையும் மினுக்கும் எல்லாம் போய், சாம்பல் பூசியது போல ஆகிவிடும்.

அக்கா பெண்ணைப் பெரிய மார்க்கெட் மீன் பகுதிக்கு ஒருநாள் கூட்டிப் போனேன். வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா, கேட்டதும் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். நல்ல கருப்பு, மூக்குத்தி, நெற்றி நிறையக் குங்குமம். இவள் நெருங்கிப் போய் முகத்தை மட்டும் எடுத்தாள். கேமராத் திரையில் காட்டியதும் அந்த அம்மா சொன்னார்: "இன்னாடி பொண்ணே, பவுடர் பூசுன மாதிரி ஆக்கிட்ட? நான் இப்படியா கீறேன்?" எத்தனை பாடம் படித்தாலும் கிடைக்காத விமர்சனம் அது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 0.7-க்கு இறக்கி மறுபடி எடுக்கச் சொன்னேன். குங்குமச் சிவப்பு ஆழமாக வந்தது. கன்னத்தில் வியர்வையின் மினுக்கம் தெரிந்தது. முகம் அந்த அம்மாவின் முகமாகவே இருந்தது. கிட்டப் போய் முகம் எடுத்தால் குறைக்க வேண்டும். பின்னால் கடலோ வானமோ பளீரென்று நிறைந்திருந்தால் கூட்ட வேண்டும், இல்லையென்றால் முகம் இருட்டிவிடும். இந்த ஒரு பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு தேடி அழுத்தத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. நம் மக்களை அவர்கள் நிறத்திலேயே அழகாகக் காட்டுவது என்பது எனக்கு மிக முக்கியம். ஸ்டூடியோக்காரர்கள் கேட்காமலேயே எல்லாரையும் வெளுக்க வைத்த காலம் போதும்.

மற்றவர்கள் படங்களிலிருந்து கற்றுக்கொள்ள ஒரு எளிய வழி இருக்கிறது. விக்கிமீடியா காமன்ஸில் புதுச்சேரி, கடலூர், பிச்சாவரம் என்று தேடினால் படங்கள் கொட்டும். பல படங்களின் பக்கத்தில் கீழே போனால் எந்தக் கேமரா, எந்த லென்ஸ், ஷட்டர் எவ்வளவு, எந்த மணிக்கு எடுத்தது என்ற விவரம் அப்படியே இருக்கும். பழைய கலங்கரை விளக்கத்தின் படம் ஒன்று பிடித்திருந்தால், அதன் நேரத்தைக் குறித்துக்கொண்டு அதே நேரத்துக்கு அதே இடத்தில் போய் நிற்கலாம். ஊர்க்காரர்களுக்கு மட்டும் கிடைக்கிற வசதி இது.

செயின்ட் லூயி வீதியில் இருக்கிற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தையும் சொல்ல வேண்டும். 1955-இல் தொடங்கியது. தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் ஊர் ஊராகப் போய் எடுத்த கருப்பு வெள்ளைப் படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் அங்கே சேகரிப்பில் இருக்கின்றன. பழைய தமிழ் ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடிப் பிடித்து டிஜிட்டல் ஆக்கும் வேலையையும் அங்குள்ள ஆய்வாளர்கள் செய்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்தால், கல்லில் செதுக்கிய முகத்துக்குப் பக்கவாட்டு வெளிச்சம் என்ன செய்கிறது என்று தெரியும். கடலூர் பாடலீஸ்வரர் கோயில் தூணுக்கு முன்னால் நிற்கும்போது அது ஞாபகத்துக்கு வரும்.

லென்ஸ் பற்றி ஒன்று. 1950 ஏப்ரலில் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெசோன் புதுச்சேரி வந்து ஸ்ரீ அரவிந்தரைப் படம் எடுத்தார். ஊர் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. வாழ்நாளில் பெரும்பாலும் 50 எம்எம் லென்ஸ் ஒன்றையே நம்பியவர் அவர். நம் கிட் லென்ஸில் 35 என்ற எண்ணுக்குத் திருப்பினால் சிறிய சென்சாரில் அது ஏறத்தாழ அதே பார்வையைத் தரும். ஒரு துண்டு டேப்பை ஒட்டி ஜூம் நகராமல் செய்துவிட்டு ஒரு மாதம் எடுங்கள். ஃபோகஸுக்குச் சுழலும் பகுதியில் மட்டும் டேப் படாமல் பார்த்துக்கொள்ளவும். கிட்ட வேண்டுமானால் நடந்து கிட்டப் போகலாம். இரண்டாவது லென்ஸ் எது வாங்குவது என்ற கேள்விக்கு அந்த மாதக் கடைசியில் உங்களுக்கே பதில் தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். நிக்கானுக்கு என்எக்ஸ் ஸ்டூடியோ, கேனானுக்கு டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபஷனல் என்று நிறுவனங்களே இலவச மென்பொருள் தருகின்றன. ஃபோகஸ் எந்தப் புள்ளியில் விழுந்தது என்று படத்தின் மேலேயே காட்டும். கண் மங்கலாக இருந்தால், ஃபோகஸ் காதில் விழுந்ததா, இல்லை ஷட்டர் மெதுவாகிக் கை ஆடியதா என்று அங்கே தெரிந்துவிடும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. அப்புறம், நல்லதாக நாலைந்து படத்தை லேபில் பிரிண்ட் போட்டு, எடுக்கப்பட்டவர்களுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்கள் சொல்வதைக் காதில் வாங்குங்கள்.

கடலோரத்தில் இருப்பவர்கள் பூஞ்சைக்குப் பயப்பட வேண்டும். வறண்ட ஊர்களில் உருவான பாடங்களில் இதற்கு ஒரு வரிதான் ஒதுக்குவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேமராவைப் பைக்குள் போட்டு பீரோவில் பூட்டினால், தை மாதம் லென்ஸுக்குள் சிலந்தி வலை போல வெள்ளை இழை ஓடியிருக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன மீட்டர் போதும். ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். அரிசியில் புதைக்க வேண்டாம், மாவுத் தூள்தான் உள்ளே போகும். வாரத்துக்கு ஒருமுறையாவது வெளியே எடுத்து நாலு படம் எடுப்பதைவிட நல்ல பராமரிப்பு இல்லை. ஏசி அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்குக் கொண்டு போனால் லென்ஸில் பனி பூத்துவிடும். பைக்குள்ளேயே வைத்துக் கொஞ்ச நேரம் வெளிச்சூட்டுக்குப் பழக விடுங்கள்.

அக்கா பெண் இப்போது மாசி மகத்துக்குத் தயாராகிறாள். தேவனாம்பட்டினத்தில் சுற்று வட்டாரத்துச் சுவாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும் நாள். அவளுக்குச் சொல்லியிருப்பது இவ்வளவுதான்: சுவாமி வந்து சேர்வதற்கு முன்பே, வெயில் ஏறாதபோது, போய் இடம் பிடி. வெயில் ஏறியபின் குடையின் நிழலில் இருக்கும் முகங்களைத் தேடு. நகையும் பட்டும் மின்னும் இடத்தில் மைனஸ் ஒன்று வை. கூட்டம் நகரும்போது ஷட்டர் 500-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள். மணலில் நின்று லென்ஸைக் கழற்றாதே. வீட்டுக்கு வந்ததும் லேசாக ஈரமாக்கிய துணியால் கேமராவின் மேல் படிந்த உப்பைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றிவிட்டு, அப்புறம் டப்பாவுக்குள் வை.